பதினொன்றுக்கு எட்டு

வெயில் குடித்த மணலின் சூடு சட்டையைத் தாண்டி முதுகெலும்பில் ஏற, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, கையையும் காலையும் ஒட்ட வைத்தபடி, கொட்டாஞ்சேனையில் பெரியம்மா குடியிருந்த வீட்டின் பின்வளவில் ஒருநாட் பகல் நான் கட்டிலாகப் படுத்துக்கிடந்தேன். "அசையாதை பிள்ளை, நீ இப்ப கட்டில்" என்று அம்மா சொல்லியிருந்தார். என்னைச் சுற்றி நாலு மூலைக்கும் ஈர்க்குக் குத்தி, தையல் நூல் கட்டி, ஓர் அறை கிடந்தது. என் கால்மாட்டில், நூலோடு நூலாக, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு பெரியம்மா நின்றார். அவர்தான் அலுமாரி.

விளையாட்டென்று நினைக்க வேண்டாம். அன்றைக்கு அம்மாவின் முகத்தைப் பார்த்தவர்கள் யாரும் அப்படி நினைத்திருக்க மாட்டார்கள். அந்த நூலுக்குள் கணக்குச் சரிவந்தால் நாங்கள் ஐயாவோடு கொழும்பில் இருப்போம். சரிவராவிட்டால் அம்மாவும் நானும் மறுபடி ரயிலேறி யாழ்ப்பாணம் போய்விட வேண்டும். அவ்வளவு பெரிய விஷயம் ஒரு நூற்பந்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

ஐயா, என் தகப்பனார், கொழும்புக் கோட்டையில் ஒரு கந்தோரில் கிளாக்கராக இருந்தார். சண்டைக் காலம். ஜப்பான்காரன் வந்து குண்டு போட்டுவிட்டுப் போனபின் கொழும்பே பெட்டி கட்டிக்கொண்டு ஓடியது. எங்களையும் ஐயா அள்ளிப் போட்டு ஊருக்கு அனுப்பிவிட்டு, வேறு கிளாக்கர்மாரோடு சேர்ந்து "சம்மரி" என்று சொல்லுகிற பொதுக்குடித்தன வீடொன்றில், ஒரு பாய்க்கும் ஒரு கோப்பைக்கும் சொந்தக்காரராகத் தங்கிக்கொண்டார். நான் அப்போது ஐந்தாம் வகுப்பு. விட்ட பள்ளிக்கூடம் விட்டதுதான், பிறகு ஒட்டவேயில்லை.

குண்டுக்குப் பயந்து நாங்கள் ஒதுங்கிய அந்தப் பத்திரமான இடத்தில்தான் என் தம்பி இறந்தான். தவழத் தொடங்கியிருந்த பிள்ளை. காய்ச்சல். ஐயாவுக்குத் தந்தி போய், அவருக்கு லீவு கிடைத்து, பட்டாளத்துக்காரர் நெருக்கியடித்த ரயிலில் நின்றபடியே அவர் வந்து சேர்ந்தபோது வீடு கழுவிக் காய்ந்திருந்தது. அம்மா அவரை "ஏன் பிந்தினீங்கள்" என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆனால் செத்தவீட்டுக்கு வந்த உறவுக்காரர் ஒருவர், பேச்சோடு பேச்சாக, பிள்ளை கிடந்த அறை எத்தனை அடி என்று கேட்டார். அளந்து பார்த்தார்கள். ஒன்பது. அவர் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு எழும்பிப் போனார். வீட்டின் உட்புற நீளத்துக்கும் அகலத்துக்கும் அடிக்கு அடி ஒரு பலன் உண்டு, சில அடி வாழவைக்கும், சில அடி விழுத்தும் என்கிற மனையடிக் கணக்கை அம்மா அதற்கு முன்பும் கேள்விப்பட்டுத்தான் இருப்பார், நம்பியது அன்றைக்குத்தான். எட்டு நல்லது, பத்து நல்லது, பதினொன்று பிள்ளைக்கும் பாலுக்கும் குறைவில்லாதது. ஒன்பது பீடை, பதின்மூன்று பகை. இதையெல்லாம் நான் வாய்ப்பாடு போல அம்மாவிடமிருந்து கேட்டுப் பாடமாக்கி வைத்திருந்தேன்.

குண்டுப்பயம் கொஞ்சம் தணிந்து சனம் திரும்பத் தொடங்கியபோது அம்மாவும் என்னைக் கூட்டிக்கொண்டு வந்து தன் தமக்கை வீட்டில் இறங்கினார். வயிற்றில் பிள்ளை. "ஊரில பெத்துப்போட்டு வாருமன், அதுதானே முறை" என்று ஐயா சொல்லிப் பார்த்தார். அம்மா சொன்ன பதிலை என் வாழ்நாளில் மறக்கேன்: "இந்தமுறை என்ன நடந்தாலும் நீங்கள் பக்கத்தில நிண்டு பாக்க வேணும்." ஐயா அதற்குப் பிறகு முறையைப் பற்றிக் கதைக்கவில்லை. மாதம் முடிவதற்குள் வீடு கிடைத்தால் இருப்பது, கிடைக்காவிட்டால் ஊருக்குப் போவது என்று ஒரு முடிவுக்கு வந்தார்கள்.

ஓடிப்போன சனமும் திரும்பி, வந்திறங்கிய பட்டாளமும் நிறைந்து, கொழும்பில் வாடகை ஏணி வைத்து ஏறிக்கொண்டிருந்தது. "சம்பளத்தில மூண்டில ஒண்டுக்கு மேல கூரைக்குக் குடுத்தால் அடுப்பு அணைஞ்சு போகும்" என்பது ஐயாவின் சட்டம். கல்கிசையில் பத்துக்குப் பதினாறில் அரண்மனை மாதிரி ஓர் அறை இருந்தது. வாடகையோடு ரயில் சீசன் டிக்கட்டையும் கூட்டினால் மூன்றில் ஒன்று பாதியாகிவிடும். மாளிகாவத்தையில் வாடகை சரி; கிணறு நாலு குடும்பத்துக்குப் பொது. கடைசியில் வெள்ளவத்தையில், ரயில்பாதையை ஒட்டின ஒரு குறுகிய ஒழுங்கைத் தெருவில், கடற்காற்றில் கம்பியெல்லாம் துருவேறிய ஒரு சின்ன வீடு அகப்பட்டது. வாடகை ஐயாவின் சட்டத்துக்குள் அடங்கியது. நடந்து போனால் சந்தை. ஐயாவின் முகத்தில் சிரிப்பைப் பார்த்து எத்தனையோ காலம் ஆகியிருந்தது.

அம்மா இடுப்பில் செருகியிருந்த அளவு நாடாவை எடுத்தார். முன்கூடம் பத்துக்கு எட்டு. குறைசொல்ல ஒன்றுமில்லை, ஆனால் தெருவைப் பார்த்துக் கதவும் யன்னலுமாகத் திறந்து கிடக்கும் இடத்தில் பிள்ளைபெற்றவள் படுக்க முடியாது. படுக்கை அறை நீளம் பதின்மூன்று. அகலம் ஒன்பது. நான்தான் நாடாவின் மறுமுனையைப் பிடித்திருந்தேன். அம்மா நாடாவைச் சுருட்டவும் இல்லை. அதைப் போட்ட இடத்தில் போட்டுவிட்டு வெளியே போய் நின்றார்.

"இஞ்சாரும், காய்ச்சலுக்கு அடிக்கணக்குத் தெரியுமே?" என்று ஐயா கேட்டுவிட்டார். கேட்ட உடனேயே அவருக்கே நெஞ்சு சுட்டிருக்க வேண்டும், தலையைக் குனிந்துகொண்டார். வீட்டுக்காரி ஒரு வயசான சிங்கள நோனா. எங்களுக்குள் என்ன நடக்கிறதென்று விளங்காமல் மாறி மாறிப் பார்த்துவிட்டு, தெரிந்த தமிழில், "சனிக்கிழமை பன்னண்டு மணி பாக்கிறது. பொறகு வேற ஆளுக்குக் குடுக்கிறது. செவுத்துல ஆணி அடிக்கிறது இல்ல, ஹரித?" என்றார். ஐயாவும் சிங்களத்தில் "ஹரி நோனா", சரி அம்மா, என்று தலையாட்டினார்.

திரும்பி வந்த வழியெல்லாம் அம்மா கையில் விரலை மடக்கி மடக்கி விரித்துக்கொண்டிருந்தார். அடுத்தநாள் காலையில் ஈர்க்கும் நூற்பந்துமாகப் பெரியம்மாவின் பின்வளவில் இறங்கி, பதின்மூன்றுக்கு ஒன்பதாக அந்த அறையை அப்படியே மணலில் கட்டினார். பிறகுதான் எங்களுக்கு விளங்கியது. சுவரை இடிக்க முடியாது. ஆனால் சுவருக்கு முன்னால் சாமான் வைக்கலாம். பதின்மூன்றில் இரண்டடியை விழுங்குகிற மாதிரி ஒரு சாமான் நின்றால் மிச்சம் பதினொன்று. ஒன்பதில் ஓரடியை விழுங்கினால் மிச்சம் எட்டு.

இதை நான் எழுதும்போது எளிதாகத்தான் இருக்கிறது. அன்றைக்கு என் வயசுக்கு அது மாயவித்தை. அம்மா ஈர்க்கைப் பிடுங்கி உள்ளே தள்ளிக் குத்த, நூல் சரக்கென்று நகர்ந்து, என் கண்ணுக்கு முன்னாலேயே கெட்ட அறை நல்ல அறையாக மாறியது. மணல் அதே மணல்தான். ஆனால் நூலுக்கு உள்ளே கிடந்த மணல் இப்போது வேறாகத் தெரிந்தது. கோயிலில் உள்வீதிக்குள் கால்வைப்பது போல நான் மெதுவாகக் கால்வைத்தேன்.

"அலுமாரி அகலம் நாலடி எண்டு வையுங்கோ அக்கா. அப்ப இஞ்சால அஞ்சடிக்குச் சுவர் தெரியுமே. தெரியிற இடத்தில அளந்தால் திரும்பப் பதின்மூண்டுதானே?"

"எடியே, அதுக்கு நான் என்ன செய்ய? இன்னும் கையை விரிச்சால் கழண்டு போகும்" என்றார் பெரியம்மா. "என்ரை வயித்தையும் சேத்தோ அளக்கிறாய்? அப்பிடியெண்டால் இரண்டடி தாண்டியிருக்கும், பாத்துக்கொள்."

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தம்பி போனபின் அம்மா சிரித்ததை நான் கேட்டது அப்போதுதான். பெரியம்மா அதைக் கண்டுகொண்டு, கையை இறக்காமல், வெயிலில் இன்னும் கொஞ்ச நேரம் அலுமாரியாகவே நின்றார்.

அலுமாரிக்குப் பக்கத்தில் எங்கள் இரண்டு தகர "ரங்குப்பெட்டி"களையும் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினால் மூன்றடி அடைபடும். அதற்குப் பிறகும் இரண்டடி மிச்சம். சாயங்காலம் வந்த ஐயா, பகிடியாகவோ மெய்யாகவோ, "அதுக்கு ஒரு திரையைத் தொங்கவிட்டால் போச்சு" என்றார். அம்மா தலையாட்டி மறுத்தார். "திரை காத்துக்கு ஆடும். அளவு ஆடக்கூடாது." கடைசியில் பெரியம்மா வீட்டு மூலையில் சும்மா கிடந்த அரிசிப்பெட்டி அந்த இடத்துக்கு வந்தது. பங்கீட்டுக் கூப்பனுக்குக் கிடைத்த அரிசி ஒரு பானைக்குள்ளேயே அடங்கிவிட்ட காலம். பெட்டிக்கு வேறு வேலையில்லை. நாலும் மூன்றும் இரண்டும் ஒன்பது, சுவருக்குச் சுவர் அடைத்தாயிற்று. நீளச் சுவரோரம் ஓரடி அகலப் பலகைகளைச் செங்கல்லின் மேல் அடுக்கிவிட்டால், ஆணியும் வேண்டாம், நோனாவும் கோபிக்க மாட்டார், பாத்திரம் பண்டம் வைக்கவும் ஆகும். எல்லாம் வந்துவிட்டது. இரண்டடி ஆழத்தில் ஓர் அலுமாரிதான் வரவில்லை.

அது லேசில் கிடைப்பதாக இல்லை. அலுமாரி செய்கிறவர்கள் உயரத்தையும் கண்ணாடியையும் பார்ப்பார்கள். ஆழத்தை யார் பார்க்கிறார்கள்? வெள்ளிக்கிழமை அம்மா என்னையும் இழுத்துக்கொண்டு மாளிகாவத்தைப் பக்கம் ஒரு பழைய சாமான் கடைக்குப் போனார். ஓடிப்போன குடும்பங்கள் விற்றுவிட்டுப் போன சாமான்கள் கூரைவரை குவிந்திருந்தன. உள்ளே கற்பூர உருண்டையும் யார் யாரோ பூசிய பவுடரும் கலந்த ஒரு வாசம். கடைக்காரர் ஒரு முஸ்லிம் நானா; நல்ல மனிதர், வாய்தான் நிற்காது. ரோஜாப்பூச் செதுக்கிய அலுமாரியைத் திறந்து காட்டுகிறார், அம்மா அதன் பக்கவாட்டில் நாடாவை வைக்கிறார். ஆளுயரக் கண்ணாடியைத் துடைத்துக் காட்டுகிறார், அம்மா பின்பக்கம் போய்விடுகிறார்.

"எனத்துக்கு புள்ள பின்னால பின்னால போறீங்க? மொகத்த பாருங்களே! மாப்புள பாக்க வந்து முதுக பாக்கிறயா?" என்றவர், அம்மா வாய் திறக்காமல் அடுத்த அலுமாரிக்கு நகர, "அல்லாவே, அளக்குற அளவப் பாத்தா அல்மாரிக்கு இல்ல, கபுருக்குப் போல ஈக்கிது" என்றார்.

கபுர் என்றால் புதைகுழி. அம்மாவின் கை நாடாவோடு அப்படியே நின்றது. நான் அம்மாவின் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டேன். பிறகு அம்மா மிகவும் அமைதியாக, "அதுக்கும் அளந்தனாங்கள், நானா. இது பிறக்கப்போற பிள்ளைக்கு" என்றார்.

அந்த மனிதர் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவிக்கொண்டார். அதற்குப் பிறகு ஒரு வார்த்தை பேசாமல், தானே ஒரு மரக்கோலை எடுத்து, கடையில் கிடந்த அலுமாரிகளையெல்லாம் ஒவ்வொன்றாக இழுத்து இழுத்து அளந்தார். மூலையில், கண்ணாடி இல்லாத, கறுத்த, அழகே இல்லாத ஒன்று அகப்பட்டது. அகலம் நாலடி. ஆழம் இருபத்திரண்டு அங்குலம். "ரெண்டு இஞ்சி கொறயுதே தங்கச்சி" என்று கோலைத் திரும்பவும் வைத்துப் பார்த்தார். அம்மா அதன் பின்பலகையைத் தடவிப் பார்த்தார். "கடற்காத்து ஈரம். சுவரோட ஒட்டி வைக்கக்கூடாது. இரண்டங்குலம் தள்ளித்தான் வைக்க வேணும்" என்றார்.

சனிக்கிழமை மத்தியானத்துக்கு முன்னே ஐயா சாவியை வாங்கிவிட்டார். அம்மா சம்மதித்து "ஓம்" என்ற பிறகுதான் வாங்கினார். காலி வீதியில் பட்டாள லொறிகள் முடிவில்லாமல் போனபடியால் சாமான் ஏற்றிய கரத்தை வண்டி அசைய முடியாமல் ஓரத்தில் நின்று நின்று, வெயில் சாயும் நேரத்தில்தான் ஒழுங்கைக்குள் வந்தது. அலுமாரி, ரங்குப்பெட்டி, அரிசிப்பெட்டி, பலகை, செங்கல் எல்லாம் மணலில் ஒத்திகை பார்த்த இடத்தில் போய் நின்றன. கரத்தைக்காரரையும் அனுப்பியாயிற்று. அம்மா நாடாவை எடுத்தார். அகலம் எட்டு; முடி பிசகவில்லை. நீளத்துக்கு, வாசற்சுவரில் நாடாவின் நுனியை நான் அழுத்திப் பிடிக்க, அம்மா அலுமாரி முகத்தில் பிடித்து, குனிந்து பார்த்தார். நிமிரவில்லை.

பழைய வீட்டுச் சுவர் எங்கே நேராக இருக்கும்? அந்த மூலையில் அது கொஞ்சம் உள்வாங்கியிருந்தது. வெறும் அறையை நடுவில் மட்டும் அளந்துவிட்டோம். பதினொன்று தாண்டி நாடாவில் இன்னும் ஓர் அங்குலம் இருந்தது.

வெளியே ரயில் ஒன்று போய், பலகையில் அடுக்கிய கோப்பைகள் எல்லாம் கிலுகிலுத்து அடங்கின. ஐயா போட்டிருந்த சேட்டைக் கழற்றி ரங்குப்பெட்டியின் மேல் போட்டார். இத்தனை நாளும் இந்தக் கணக்கைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்லாதவர், அலுமாரிக்கும் சுவருக்கும் நடுவே இருந்த அந்த ஒடுங்கிய இடைவெளியில் கையை விட்டுப் பிடித்து, தோளைக் கொடுத்து, மூச்சை அடக்கித் தம் பிடித்து நகர்த்தினார். கறுத்த மரம் நிலத்தில் முனகியது. "இப்ப பாரும்." இல்லை. திரும்பத் தோளைக் கொடுத்தார். கழுத்து நரம்பு புடைத்து, கண்ணில் நீர் முட்டியிருந்தது. பாரத்தினால் என்றுதான் அப்போது நினைத்தேன். "இப்ப பாரும்."

"பதினொண்டு" என்றார் அம்மா.

ஐயா அலுமாரியில் முதுகைச் சாய்த்து அப்படியே நிலத்தில் இருந்துவிட்டார். அம்மாவும் பாரமான வயிற்றைப் பிடித்துக்கொண்டு அவர் பக்கத்தில் இருந்தார். கலியாணத்துக்கு அரைகுறையாக அலங்கரித்தது போல, பாதி அவிழ்த்த மூட்டைகளோடு கிடந்த அந்த அறையில், தம்பியின் பெயரை அவர்கள் இருவரும் சேர்ந்து சொல்லி அழுததை அன்றைக்குத்தான் கேட்டேன். நான் நாடாவின் நுனியை விடாமல் பிடித்தபடி வாசலோரமே நின்றுகொண்டிருந்தேன். இரண்டு பெரிய மனிதர் தங்கள் துக்கத்தை எடுத்து, அடியும் அங்குலமுமாக அளந்து, ஒரு மூலையில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்து இருக்கிறார்கள் என்று இன்றைக்குச் சொல்லத் தெரிகிறது. அன்றைக்கு நாடாவின் நுனியை விடக்கூடாது என்பது மட்டும்தான் தெரிந்தது.

பிள்ளை பிறந்தது. தங்கச்சி. ஐயா பக்கத்திலேயே நின்றார். அந்த அளவுதான் அவளைக் காத்தது என்று நான் சொல்லவரவில்லை. எனக்கு அதெல்லாம் தெரியாது. ரயில் போகப்போக அதிர்வில் அலுமாரி அரை அங்குலம் கால் அங்குலம் என்று நகர்ந்துவிடும். வெள்ளிக்கிழமைகளில் வீடு மெழுகித் துடைத்தபின் அம்மா நாடாவை எடுப்பார். ஐயா கேளாமலே சேட்டைக் கழற்றுவார்.

சண்டை முடிந்து, கூப்பன் போய், நான் கலியாணம் செய்து, தங்கச்சி வளர்ந்து வேலைக்குப் போகத் தொடங்கிய பிறகுதான் அவர்கள் அந்த வீட்டை விட்டார்கள். சாமான் ஏற்ற நானும் போயிருந்தேன். அலுமாரியைத் தூக்கினார்கள், பெட்டிகள் போயின, பலகையும் செங்கலும் போயின. வெறுமையாகிக் கிடந்தது அறை, பதின்மூன்றுக்கு ஒன்பதாக. கூட்டிவிட்டுப் போவோம் என்று விளக்குமாற்றோடு வந்த அம்மா வாசற்படியில் நின்றுவிட்டார். "நீ கூட்டு பிள்ளை" என்று என்னிடம் தந்தார். "ஏன் அம்மா, இவ்வளவு காலம் இருந்த அறைதானே" என்றேன். அம்மா உள்ளே எட்டிக்கூடப் பார்க்கவில்லை. "நாங்கள் இதுக்குள்ள ஒருநாளும் இருக்கேல்லை" என்றார்.

இப்போது அந்த ஒழுங்கையில் அப்படியொரு வீடும் இல்லை. ஐயா, அம்மா, பெரியம்மா ஒருவரும் இல்லை. அடுக்குமாடிகள் கடலை மறைத்துக்கொண்டு நிற்கின்றன. அதிலொன்றில் என் பேத்தி வீடு பார்த்திருக்கிறாள், நானும் அவளோடுதான் இருக்கப்போகிறேன். அலுமாரிகளைச் சுவரோடு சேர்த்தே கட்டிவிட்டார்கள். எதையும் அசைக்க முடியாது. எத்தனை சதுர அடி என்று கேட்டால் உடனே சொல்கிறாள். நீளம் எவ்வளவு, அகலம் எவ்வளவு என்றால் தெரியாது என்கிறாள்.

போன கிழமை, கூச்சத்தை விட்டு அவளிடம் இந்த அறையின் கதையில் கொஞ்சம் சொன்னேன். அவள் போனை எடுத்து ஒரு கணக்குப் போட்டாள். "வாடகை குடுத்தது நூத்திப்பதினேழு சதுர அடிக்கு, அம்மம்மா. இருந்தது எண்பத்தெட்டில. காற்பங்கு இடத்தைச் சும்மா அடைச்சு வச்சிருக்கிறீங்கள்!" என்று சிரித்தாள்.

சரியான கணக்குத்தான். அந்தக் காற்பங்குக்குள் எங்கள் வீட்டார் யாரை வைத்திருந்தார்கள் என்று நான் அவளுக்குச் சொல்லவில்லை.